சிலிண்டரில் பாதி கேஸ் இருக்கும்போதே அடுப்பு அடங்கிவிட்டது, அடிப்பாகத்தில் பனி பிடித்தது: காரணம் என்ன?

பந்திவிருந்து
ஜனவரி 22, இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். வத்தலக்குண்டில் இருபது வருடமாகக் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறேன். விறகடுப்பில் தொடங்கி கேஸுக்கு மாறியவன். போன வாரம் நடந்த ஒன்றுக்குக் காரணம் புரியாமல் இங்கே கேட்கிறேன்.

கொடைக்கானலில் முகூர்த்தம். ஏழரை மணிக்கு முதல் பந்தி என்பதால் விடிகாலை மூன்று மணிக்கே அடுப்பு மூட்டினோம். மண்டபத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை, சுற்றிலும் திறந்தவெளி. ஒரு புது 19 கிலோ சிலிண்டர், அதில் மூன்று பெரிய பர்னர். ஒன்றில் இட்லிக் கொப்பரை, ஒன்றில் சாம்பாருக்குப் பருப்பு, ஒன்றில் பொங்கல். ஐந்து மணிவரை தீ சீறிக்கொண்டு எரிந்தது. பிறகு அந்தச் சீறல் குறைந்தது. ஐந்தரைக்கு நெருப்பு பாத்திரத்தின் அடியைத் தொடவில்லை. ஆறு மணிக்கு மூன்று அடுப்பும் அகல் விளக்கு மாதிரி நின்றன.

சிலிண்டரைப் பார்த்தால் அடியிலிருந்து கிட்டத்தட்டப் பாதி உயரம்வரை சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை. விரலால் கீறினேன், தூளாக உதிர்ந்தது. உள்ளங்கையை வைத்தபோது தோல் ஒட்டிக்கொண்டு இழுத்தது. மேல்பாதியில் குளிர் மட்டும்தான், வெள்ளை இல்லை. பக்கத்து ஹோட்டலில் கெஞ்சி வேறு சிலிண்டர் வாங்கி மாட்டினோம். முதல் பந்தி முக்கால் மணி நேரம் தாமதம். பெண்ணின் தகப்பனார் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாசலுக்கும் சமையல் கொட்டகைக்கும் நடந்துகொண்டே இருந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

காலியாகிவிட்டது என்று நினைத்து வண்டியில் போட்டுக் கொண்டுவந்தேன். மறுநாள் மதியம் எங்கள் வீட்டுக் கொல்லையில் வெயிலில் நின்றதை எடுத்து மாட்டிப் பார்த்தால், முழுச் சிலிண்டர் போல எரிகிறது. உள்ளே கேஸ் இருந்தும் விடியலில் ஏன் வரவில்லை?

நேர்வழி
ஜனவரி 22, இரவு 9.48

இதில் யோசிக்க ஒன்றுமில்லை. எடை குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் குறையைத் தண்ணீரால் நிரப்பியிருப்பார்கள். பனி பிடித்ததே உள்ளே தண்ணீர் இருப்பதற்குச் சாட்சி. சிலிண்டர் கொடுத்தவர் மேல் எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.

பந்திவிருந்து
ஜனவரி 22, இரவு 10.15

ஐயா, எனக்கும் முதலில் அந்தச் சந்தேகம்தான். வெயிலில் எரிந்ததைப் பார்த்ததும் அணைத்துவிட்டுத் தராசில் ஏற்றினேன். சிலிண்டர் மேல் பொறித்திருக்கும் காலி எடையைக் கழித்தால் ஏறத்தாழ 10 கிலோ இருந்தது. மறுபடி மாட்டி மிச்சம் முழுவதையும் மூன்று நாளில் வீட்டு வேலைக்கே எரித்தேன். கடைசி வரை நன்றாக எரிந்தது. தீர்ந்த பிறகு நிறுத்துப் பார்த்தேன், பொறித்திருந்த காலி எடைதான் வந்தது. தண்ணீர் இருந்தால் அந்த எடை அங்கே காட்டியிருக்கும் அல்லவா?

இயற்பியல் ஆசிரியை
ஜனவரி 23, காலை 6.30

அண்ணா, நீங்கள் நிறுத்துப் பார்த்ததற்கு என் மனமார்ந்த பாராட்டு. பாதி விடையை அந்தத் தராசே சொல்லிவிட்டது. கொடுத்தவர் மேல் தவறில்லை. விடியலில் நீங்கள் கேட்ட வேகத்துக்கு அந்தச் சிலிண்டரால் கொடுக்க முடியவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

சிலிண்டருக்குள் இருப்பது பெரும்பாலும் வாயு அல்ல, திரவம். குலுக்கினால் தளும்புவது அதுதான். புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டும் கலந்தது. திறந்த பாத்திரத்தில் வைத்தால் புரொப்பேன் மைனஸ் 42 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும், பியூட்டேன் ஏறக்குறைய 0 பாகையில். அழுத்தி அடைத்திருப்பதால் மட்டுமே நம் ஊர் வெயிலில் திரவமாக நிற்கின்றன. திரவத்துக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். அங்கே நிற்கும் ஆவிதான் குழாய் வழியே அடுப்புக்குப் போகிறது. அது போகப் போக, கீழே இருக்கும் திரவம் கொதித்துப் புது ஆவியைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 250 லிட்டர் வாயுவாக விரிகிறது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். திரவம் ஆவியாக வேண்டுமானால் அதற்கு வெப்பம் வேண்டும். ஒரு கிலோ கேஸ் ஆவியாவதற்குச் சுமார் 400 கிலோஜூல் தேவை. அந்த வெப்பம் யார் கொடுப்பது? அடுப்பு கொடுக்காது. அதன் சூடெல்லாம் உங்கள் கொப்பரைக்குப் போய்விடுகிறது. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் சுமார் 46,000 கிலோஜூல் கிடைக்கிறது. ஆவியாக்கத் தேவைப்படுவது அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அந்த ஒரு பங்கைச் சிலிண்டர் தன் இரும்புச் சுவர் வழியாகச் சுற்றியிருக்கும் காற்றிடமிருந்துதான் வாங்க வேண்டும்.

மூன்று மணி நேரத்தில் 9 கிலோ எரித்திருக்கிறீர்கள், அதாவது மணிக்கு 3 கிலோ. அதை ஆவியாக்கக் கணக்குப்படி முந்நூறு வாட்டுக்குக் கொஞ்சம் அதிகமான சூடு இடைவிடாமல் தேவை, மூன்று 100 வாட் குண்டு பல்புகளைச் சிலிண்டருக்குள் எரியவிட்டது போல. வத்தலக்குண்டு மதியக் காற்று அதைக் கொடுத்துவிடும். கொடைக்கானலின் ஜனவரி விடியலில் காற்றே குளிர்ந்து நிற்கிறது. கேட்ட அளவு வெளியிலிருந்து கிடைக்காதபோது, திரவம் தன் சொந்தச் சூட்டையே செலவழித்து ஆவியாகிறது. அதனால் குளிர்ந்துகொண்டே போகிறது, பூஜ்யத்துக்கும் கீழே போகிறது. குளிரக் குளிர உள்ளே அழுத்தம் இறங்குகிறது. அழுத்தம் இறங்கினால் தீ இறங்குகிறது. நீங்கள் கண்ட அகல் விளக்கு அதுதான்.

சுண்ணாம்பு போன்ற வெள்ளை வெளிக்காற்றின் ஈரம். மலைக் காற்றில் இருந்த நீராவி, உறைநிலைக்குக் கீழே போன இரும்பின் மேல் பட்டுப் பனியாகப் படிந்தது. அது பாதி உயரத்தோடு நின்றதும் தற்செயல் அல்ல. உள்ளே திரவம் அந்த மட்டம்வரைதான் இருந்தது. மேலே வெறும் ஆவி, அங்கே ஆவியாதல் நடப்பதில்லை.

நேர்வழி
ஜனவரி 23, காலை 8.05

தண்ணீர் விஷயத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு இடம் எனக்கு இடிக்கிறது. சூடு கொடுத்தால்தான் ஆவியாகும் என்கிறீர்கள். சூடு கிடைக்காமலேயும் ஆவியானது, அதனால் குளிர்ந்தது என்றும் சொல்கிறீர்கள். இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும்?

இயற்பியல் ஆசிரியை
ஜனவரி 23, மாலை 5.40

நல்ல கேள்வி ஐயா. என் ஒன்பதாம் வகுப்பில் இதைக் கேட்கும் பிள்ளையை நான் விடவே மாட்டேன்.

திரவத்தில் இருக்கும் மூலக்கூறுகள் எல்லாம் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. சில மெதுவாக, சில மிக வேகமாக. பக்கத்து மூலக்கூறுகளின் பிடியை உதறிக்கொண்டு மேலே எழும்பிப் போவது வேகமானவைதான். வேகமானவை போய்விட்டால் மீதி இருப்பவற்றின் சராசரி வேகம் குறைகிறது. சராசரி வேகம் குறைவதைத்தான் நாம் குளிர்ச்சி என்று சொல்கிறோம். ஆகவே ஆவியாதலுக்கான விலையை யாராவது கொடுத்தே தீர வேண்டும். வெளியே இருப்பவர் கொடுக்காவிட்டால் உள்ளே இருப்பவர் கொடுக்கிறார்.

குளித்துவிட்டு மின்விசிறிக்குக் கீழே நின்றால் உடம்பு சில்லிடுகிறதே, அங்கே விலை கொடுப்பது நம் தோல். மண்பானையில் ஊறி வெளியே வரும் நீர் காய்வதற்கு விலை கொடுப்பது பானைக்குள் இருக்கும் தண்ணீர். மழை நாளில் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் பானை நீர் அவ்வளவாகக் குளிர்வதில்லை.

யாழ்முற்றம்
ஜனவரி 23, இரவு 8.20

இந்த உரையாடலை மிகுந்த விருப்பத்தோடு வாசித்தேன். ஒரு பொருள் உருகவும் ஆவியாகவும் வாங்கிக்கொள்ளும் இந்த வெப்பத்தைத் தமிழ்நாட்டுப் பாடநூலில் உள்ளுறை வெப்பம் என்கிறார்கள். இலங்கையில் நாங்கள் மறைவெப்பம் என்று படித்தோம். ஒடுங்கல் (ஆவி திரவமாவது), உருகல், பதங்கமாதல் (திண்மம் நேராக ஆவியாவது) என்று பாடமாக்கிய காலத்தில் அந்த ‘மறை’ எதைக் குறிக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜோசப் பிளாக் செய்த சோதனையை வாசித்தபோதுதான் விளங்கியது.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 1760களின் தொடக்கத்தில் அவர் செய்தது. இரண்டு ஒரே மாதிரியான கண்ணாடிக் குடுவைகள். ஒன்றில் பனிக்கட்டி, மற்றதில் அதே எடையில், உறைநிலையை ஒட்டிக் குளிர்ந்த தண்ணீர். இரண்டையும் ஒரு வெறும் மண்டபத்தில் தொங்கவிட்டார். அறையின் வெப்பநிலை 47 பாகை பாரன்ஹீட். தண்ணீர் 40 பாகைக்கு ஏற அரை மணி நேரம் பிடித்தது. பனிக்கட்டி உருகி அதே 40 பாகைக்கு வரப் பத்தரை மணி நேரம் பிடித்தது. இருபத்தொரு மடங்கு நேரம்! அவ்வளவு நேரமும் அறைக்காற்று பனிக்கட்டிக்கு வெப்பம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. உருகி முடியும்வரை வெப்பமானியோ அசையவே இல்லை. உள்ளே போன வெப்பம் கண்ணுக்கும் மானிக்கும் தெரியாமல் மறைந்துவிட்டது. அதுதான் மறைவெப்பம்.

அதற்கு முன் கற்றவர்கள்கூட, பனிக்கட்டி உருகுநிலைக்கு வந்துவிட்டால் இன்னும் ஒரு துளி வெப்பத்தில் மொத்தமும் நீராகிவிடும் என்று எண்ணியிருந்தார்கள். அப்படி இருந்தால் மலைப்பனியெல்லாம் ஒரே நாளில் உருகி ஊர்களை அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று பிளாக் வாதிட்டார். அந்த ஒரு வாதத்துக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். உபகரணம் இல்லாமலே எவரும் யோசித்துப் பார்க்கக்கூடிய வாதம் அது.

குளிர்பெட்டி
ஜனவரி 23, இரவு 10.30

பிரிட்ஜ், ஏசி பழுது பார்க்கும் தொழில் எனக்கு. நீங்கள் ஒரு கோளாறாகப் பார்த்ததை நாங்கள் தொழிலாகவே செய்கிறோம். பிரிட்ஜுக்குள் ஒரு திரவத்தை ஆவியாக விட்டு உள்ளே இருக்கும் சூட்டை எடுக்கிறோம். பிறகு கம்பிரஸர் அந்த ஆவியை அழுத்தி, பின்பக்கக் குழாயில் மறுபடி திரவமாக்கிச் சூட்டை வெளியே தள்ளுகிறது. இப்போது வரும் பல வீட்டுப் பிரிட்ஜ்களில் ஓடுவது ஐசோபியூட்டேன். உங்கள் சிலிண்டரில் இருக்கும் பியூட்டேனுக்கு உடன்பிறப்பு.

இன்னொன்று. கலவையில் புரொப்பேன்தான் முந்திக்கொண்டு ஆவியாகும். அதனால் சிலிண்டர் பாதி தீர்ந்த பிறகு மிச்சத்தில் பியூட்டேன் பங்கு அதிகம். குளிரில் பியூட்டேனுக்கு அழுத்தம் மிகக் குறைவு. கடுங்குளிர் நாடுகளில் தனிப் புரொப்பேனையே விற்பது இதனால்தான். திரவ மட்டம் இறங்க இறங்க, சுவரை நனைத்து நிற்கும் பரப்பும் குறைகிறது, சூடு வாங்கும் வாசல் சுருங்குகிறது. ஆகக் குளிர், வேகம், பாதிச் சிலிண்டர் மூன்றும் சேர்ந்தால் அகல் விளக்குதான்.

இனி எச்சரிக்கை. இதை எழுதத்தான் வந்தேன். தீ இறங்கியதும் சிலர் சிலிண்டரைப் படுக்க வைக்கிறார்கள், கவிழ்க்கிறார்கள். என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்போது ஆவிக்குப் பதில் திரவமே குழாயில் பாயும். ஆசிரியை சொன்ன 250 மடங்கை நினைத்துப் பாருங்கள். ஒரு கரண்டித் திரவம் பர்னரில் போய் விரிந்தால் நெருப்பு ஆளுயரம் எழும்பும். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்துதான் நிற்க வேண்டும். அடியில் தணல் வைப்பது, கொதிநீர் ஊற்றுவது இரண்டும் உயிருக்கு உலை. சரியான வழி, இரண்டு அல்லது மூன்று சிலிண்டர்களை ஒரே குழாயில் சேர்த்து இணைப்பது. அதற்கான இணைப்பை உங்களுக்குக் கேஸ் கொடுப்பவர் மூலமாகவே, தெரிந்த ஆளை வைத்துப் பொருத்துங்கள். மூன்று கிலோ வேகத்தை இரண்டு சிலிண்டர் பங்கு போட்டுக்கொண்டால் ஒவ்வொன்றும் ஒன்றரை கிலோ கொடுத்தால் போதும்.

பந்திவிருந்து
ஜனவரி 24, காலை 7.15

கவிழ்ப்பது பற்றிச் சொன்னது என் நெஞ்சில் தைத்தது. அன்று என்னோடு வந்த பையன் “அண்ணே, சாய்த்துப் பார்ப்போமா?” என்று கேட்டான். பதற்றத்தில் நானும் ஒரு கணம் யோசித்தேன். செய்யவில்லை, அவ்வளவுதான்.

சில சமையல்காரர்கள் தண்ணீர் நிரப்பிய டப்பில் சிலிண்டரை நிறுத்துவார்கள். அது சரியா டீச்சர்?

இயற்பியல் ஆசிரியை
ஜனவரி 24, இரவு 7.50

தத்துவம் சரிதான் அண்ணா. காற்றைவிடத் தண்ணீர் வெகு வேகமாகச் சூட்டைக் கைமாற்றும். கையிருப்பும் அதனிடம் அதிகம். 40 லிட்டர் தண்ணீர் 10 பாகை குளிர்ந்தால் சுமார் 1,700 கிலோஜூல் கொடுக்கும். நான்கு கிலோ கேஸ் ஆவியாக அது போதும். சாதாரணக் குழாய்த் தண்ணீர் போதுமானது, சுடுநீர் வேண்டவே வேண்டாம். வால்வும் ரெகுலேட்டரும் தண்ணீருக்கு மேலே நன்றாகத் தெரிய வேண்டும். ஆனாலும் குளிர்பெட்டி சொன்னபடி சிலிண்டர்களைச் சேர்த்து இணைப்பதே முதல் வழி, டப் அதற்குத் துணை.

கோடைவாசி
ஜனவரி 24, இரவு 9.05

நான் கொடைக்கானலிலேயே பிறந்து வளர்ந்தவள். மாப்பிள்ளை வீட்டார் பசியோடு நின்றதற்கு எங்கள் ஊரின் உயரமும் பொறுப்பு. கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேலே இருக்கிறோம். காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் இங்கே தண்ணீர் சுமார் 93 பாகையிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் சூடு ஏறாது, தண்ணீர்தான் வற்றும். கீழேயிருந்து வருகிற சமையல்காரர்கள் திறந்த அண்டாவில் பருப்பைப் போட்டுவிட்டு, வேகவில்லையே என்று தீயைக் கூட்டுவார்கள். கேஸ் இன்னும் வேகமாகப் போகும், சிலிண்டர் இன்னும் குளிரும். நாங்கள் பருப்பை இரவே ஊறப்போட்டுவிடுவோம், அல்லது குக்கரில்தான் வைப்போம். மூடி அழுத்தத்தைக் கூட்டுவதால் கொதிநிலையும் கூடுகிறது.

தேங்காய் எண்ணெயை இங்கே வாய் அகன்ற டப்பாவில்தான் வாங்குவோம். 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும் பொருளைக் குறுகிய வாய்ப் பாட்டிலில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? என் மாமியார் காலையில் விரலால் சுரண்டி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார். பேச்சு முடிவதற்குள் எண்ணெயாகிவிடும். இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் யோசிக்கிறேன், உருகும் அந்த நேரத்தில் அவர் உள்ளங்கை விலை கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

பத்தாம்வகுப்பு
ஜனவரி 25, காலை 10.20

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். இட்லிப் பானையைத் திறந்தால் வெள்ளையாக வருவது வாயு நிலையில் இருக்கும் நீர்தானே? பிறகு ஏன் நீராவி கண்ணுக்குத் தெரியாது என்று புத்தகத்தில் இருக்கிறது? கற்பூரம் உருகாது, நேராக ஆவியாகும் என்றும் இருக்கிறது. ஆனால் கோயிலில் தட்டில் எரியும்போது அடியில் தண்ணீர் போலத் தெரிகிறதே?

இயற்பியல் ஆசிரியை
ஜனவரி 25, மாலை 6.10

தம்பி, உன் கண்ணை நம்பு, அது சரியாகத்தான் பார்த்திருக்கிறது. வெள்ளையாகத் தெரிவது வாயு அல்ல, வெளிக்காற்றில் பட்டுக் குளிர்ந்து மறுபடி திரவமான நுண்துளிகள். கெட்டிலின் மூக்கு நுனியைக் கவனி. நுனிக்கும் வெள்ளைப் புகைக்கும் நடுவே ஒரு விரற்கடை வெறுமையாகத் தெரியும். அங்கே இருப்பதுதான் உண்மையான நீராவி. தொட்டுப் பார்க்க மட்டும் போகாதே.

கற்பூரம் சாதாரண அறைச்சூட்டில் உருகாமல் மெல்ல ஆவியாகிக் கரைகிறது, பூஜை அலமாரியில் பொட்டலம் சிறுத்துப்போவது அதனால்தான். அதைத்தான் பதங்கமாதல் என்கிறோம். ஆனால் அதற்கும் உருகுநிலை உண்டு, சுமார் 175 பாகை. தீயின் சூட்டில் உருகவும் செய்யும். ‘உருகவே உருகாது’ என்று நம் வகுப்புகளில் சொல்லிக்கொடுப்பது எனக்கு வெகுநாள் மனக்குறை. நேராக வாயுவாகத்தான் மாறும், சாதாரணக் காற்றழுத்தத்தில் திரவமாகவே முடியாது என்றால், உலர்பனிக்கட்டியைச் சொல்லலாம். அது உறைந்த கார்பன் டை ஆக்சைடு.

பந்திவிருந்து அண்ணாவின் தொழிலுக்கும் இதில் ஒன்று இருக்கிறது. இட்லியை வேகவைப்பது கொதிக்கும் தண்ணீர் அல்ல. ஆவி மாவின் மேல் பட்டுத் திரவமாகும்போது, ஆவியாகிய நேரத்தில் வாங்கிய வெப்பத்தை முழுவதும் திருப்பிக் கொடுத்துவிடுகிறது, கிராமுக்கு 2,260 ஜூல் அளவில். அதே ஆவி கையில் பட்டாலும் அதையேதான் செய்யும். 100 பாகையில் இருக்கும் ஒரு கிராம் தண்ணீர் உடற்சூட்டுக்குக் குளிரும்போது 260 ஜூல் அளவே கொடுக்கிறது. ஆவிப்புண் ஏன் அவ்வளவு ஆழமாக இறங்குகிறது என்று இதிலிருந்து தெரியும்.

பந்திவிருந்து
ஜனவரி 25, இரவு 9.30

என் வலது முன்கையில் பதினைந்து வருடத் தழும்பு ஒன்று இருக்கிறது டீச்சர். கொப்பரை மூடியை என் பக்கமாகத் தூக்கியதால் வந்தது. பையன்களிடம் “மூடியை அந்தப் பக்கம் சாய்த்துத் திற” என்று தினமும் சொல்வேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இனிமேல் தெரியும்.

பந்திவிருந்து
பிப்ரவரி 9, மதியம் 2.40

மறுபடி கொடைக்கானல் போய் வந்தேன், அதே மண்டபம். எழுதிவிடுகிறேன் என்று மனதில் குறித்துக்கொண்டே வந்தேன்.

இரண்டு சிலிண்டர்களை முறைப்படி இணைத்து வாங்கினேன். இரண்டையும் தனித்தனி டப்பில் நிறுத்திக் குழாய்த் தண்ணீர் ஊற்றினோம். பருப்பை முந்தின இரவே ஊறப்போட்டேன், கோடைவாசி அம்மாவுக்கு நன்றி. மூன்று மணிக்கு அடுப்பு மூட்டி ஏழேகால் வரை தீ ஒரே சீராக நின்றது. தண்ணீருக்கு மேலே தெரிந்த பகுதியில் வியர்வை போல ஈரம் மட்டும்தான், வெள்ளை பிடிக்கவில்லை. ஐந்து மணிக்கு டப்பில் கையை விட்டேன். ஊற்றியபோது இருந்ததைவிட நன்றாகக் குளிர்ந்திருந்தது, விரல் நுனி வலித்தது. உடனே பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றச் சொன்னேன். ஆறரைக்கு இன்னொரு முறை.

முதல் பந்தி ஏழரைக்கு உட்கார்ந்தது. எல்லாம் முடிந்து டப்பிலிருந்து தூக்கி வெளியே வைத்ததும், அந்தப் பையன் ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழே துடைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். மேல்பகுதி காய்ந்துவிட்டது, கீழே ஈரம் அப்படியே நின்றது. நடுவில் தெரிந்த கோட்டில் கரித்துண்டால் கீறிவிட்டு, “அண்ணே, இதுவரைக்கும் கேஸ் இருக்கிறது” என்றான். வத்தலக்குண்டு வந்து தராசில் வைத்தேன். 12 கிலோ.